ஆறாம் எண் ஆட்டக்காரி மறுபடி மைதானத்துக்குள் போன விதம்

இதை நான் எழுதும்போது இந்த அறையில் இருப்பவர்கள் நான்கு பேர்: விசாரணை அதிகாரியான உதவி ஆய்வாளர் அம்மா, கணினி முன் இருக்கும் எழுத்தர், சாட்சிக் கையெழுத்துக்காக அழைத்து வரப்பட்ட எதிர்ப்பக்க மருந்துக்கடைக்காரர், நான். வேறு யாரும் இல்லை.

என் பெயரும் கணவர் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன். வயது நாற்பத்தேழு. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தொழில் என்ற இடத்தில் எழுத்தர் ‘இல்லை’ என்று தட்டியிருந்தார். ‘இல்லத்தரசி’ என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார். அவர் தட்டிய முதல் பக்கத்தில் நான் பார்க்காததைக்கூடப் ‘பார்த்தேன்’ என்று வந்திருந்ததால், என் கைப்பட எழுத அனுமதி கேட்டேன். அதிகாரி அம்மா அனுமதித்தார்.

மகளிர் கல்லூரிக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் என் கணவரின் தங்கை, அதாவது என் நாத்தனார். எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பதினோரு வருடமாக அந்த வேலை. தலைமை என்றதும் அவளுக்குக் கீழே யாரோ இருப்பதாக நினைப்பார்கள். யாரும் இல்லை. அவள் சேர்ந்தபோது அணியில் ஒன்பது பெண்கள். அதன் பிறகு ஓட்டப் பந்தயத்தில் தோற்ற இருவரைக் கெஞ்சிக் கூட்டி வந்து பதினொன்றாக்கினாள். ஆண்கள் அணி ஐந்து மணிக்கு விட்டுப் போன பிறகுதான் இவர்களுக்கு மைதானம். இருட்டினால் விளக்கு கிடையாது. விளக்குக்கும், உதவியாளருக்கும், கால் கட்டத் தெரிந்த ஒருவருக்குமாக இருபத்தாறு கடிதம் எழுதினாள். பதில் வந்தது மூன்றுக்கு. மூன்றிலும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரி. இத்தனைக்கும் நடுவில் நூற்று நாற்பத்து மூன்று ஆட்டம், எழுபத்தெட்டு வெற்றி, முப்பத்தொன்று சமன், முப்பத்து நான்கு தோல்வி.

நான் அந்த ஓரத்துப் பெஞ்சுக்கு வந்தது அவளுடைய ஐந்தாம் வருடத்தில். காலுக்குக் கட்டுப் போடுவதும், கத்துவதும், ஆள் மாற்றும் சீட்டு எழுதுவதும் எல்லாம் அவளே. ஒரு ஆட்டத்தில் சீட்டில் எண்ணை மாற்றி எழுதி நன்றாக ஆடிய பெண்ணை வெளியே எடுத்துவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து, “அண்ணி, பிள்ளைக்கு ஜுரம் வந்தா மணிக்கு மணி எழுதி வைக்கிறவங்க நீங்க. என் பக்கத்துல உக்காந்து நிமிஷம் எழுதிக் குடுங்க, போதும்” என்றாள்.

“பந்து எந்தப் பக்கம் போகணும்னே எனக்குத் தெரியாதே” என்றேன்.

“அது என் பொண்ணுங்களுக்கே பாதி நேரம் தெரியாது. நீங்க வாங்க.”

அதன் பிறகு அவளுடைய விதிப் புத்தகத்தை அடுப்படியில் வைத்துப் படித்தேன். அர்த்தம் தெரியாததை அவளிடம் கேட்டேன். ஏழு வருடமாக எல்லா ஆட்டத்துக்கும் போகிறேன். பெண்கள் என்னைக் ‘கணக்கு அத்தை’ என்பார்கள். அணிப் பட்டியலில் என் பெயர் கிடையாது. கல்லூரியின் விளையாட்டு அலுவலருக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். உதவியாளர் கேட்டால் “அதான் உங்க அண்ணி இருக்காங்களே” என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஆள் மாற்றும் முறையைச் சொல்ல வேண்டும். போட்டி நடத்துகிறவர்கள் ஒவ்வொரு அணிக்கும் வரிசை எண் அச்சடித்த சீட்டுப் புத்தகம் கொடுப்பார்கள். வெளியே வருகிறவர் எண், உள்ளே போகிறவர் எண், நிமிடம் ஆகியவற்றை நான் எழுத, பயிற்சியாளர் கையெழுத்திட, நான் பன்னிரண்டு எட்டுத் தள்ளியிருக்கும் அலுவலர் மேசையில் கொடுப்பேன். சீட்டு மேசைக்குப் போகாமல் ஆள் மாறாது.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. பெனால்டி உதை வந்தால், அது எந்தப் பக்கத்துக்கானாலும், நான் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்வேன். ஏழு வருடத்தில் முப்பத்தெட்டு பெனால்டி, ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. முடிந்ததும் கேட்டு எழுதிக்கொள்வேன். “அத்தை, கண்ணைத் திறங்க, கோல்கீப்பரே திறந்துட்டா” என்று பெண்கள் கேலி செய்வார்கள். இது விளையாட்டாகவே போய்க்கொண்டிருந்தது.

போன மாதம் பதினான்காம் தேதி மாலை அரையிறுதி ஆட்டம். எங்கள் பெஞ்சில் நாத்தனார், மாற்று ஆட்டக்காரிகள் ஐந்து பேர், நான். எங்களுக்குப் பின்னால் நாற்காலியில் விளையாட்டு அலுவலர். அறுபத்தோராம் நிமிடத்தில் ஆறாம் எண் பெண் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். கோட்டுக்கு வெளியே கொண்டு வந்து நாத்தனார் பனிக்கட்டி வைத்துப் பார்த்தாள். அந்தப் பெண், “கோச், லேசாத்தான் வலிக்குது, விடுங்க கோச்” என்றாள். “லேசுன்னு நீ சொல்றே, உன் முட்டி சொல்லலையே. உக்காரு” என்றாள் நாத்தனார். அதன் பிறகு என்னிடம் திரும்பி, “அண்ணி, ஆறு வெளியே, பதினாலு உள்ளே” என்றாள். நான் எழுதினேன். என் முழங்கால் மேல் வைத்தே கையெழுத்திட்டாள். நிமிடம் அறுபத்து மூன்று.

நான் சீட்டோடு எழுந்தேன். அப்போது நடுவர் விசில் ஊதினார். எங்களுக்கு எதிராகப் பெனால்டி. நாத்தனார் எங்கள் கோல்கீப்பரைப் பார்த்துக் கத்திக்கொண்டே கோட்டோரமாக முப்பது எட்டு தூரம் ஓடிவிட்டாள். நான் சீட்டைக் கைக்குள் மடித்துப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே கண்ணை மூடினேன். பெண்கள் போட்ட சத்தத்தில் உதை தடுக்கப்பட்டது தெரிந்தது. பாதியில் நிறுத்தக் கூடாது என்று பிரார்த்தனையை முடித்தேன். தடுத்தது கடவுள் கருணை என்று அதற்கு ஒரு நன்றியும் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது கடிகாரத்தில் அறுபத்தைந்து. ஆறாம் எண் பெண் மைதானத்தின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

கண் மூடியிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல், “எழுந்து போம்மா, பத்து பேரை வச்சுக்கிட்டு ஃபைனலுக்குப் போக முடியுமா?” என்று சொன்னதைக் கேட்டேன். சொன்னவர் வாயை நான் பார்க்கவில்லை. எங்கள் பெஞ்சுப் பக்கம் ஆண் என்று இருந்தவர் விளையாட்டு அலுவலர் ஒருவரே.

இந்த இடத்தில் மருந்துக்கடைக்காரர், “கண்ணை மூடினதை யாரும்மா கேக்கப் போறா? பார்த்தேன்னு எழுதிட்டுப் போங்களேன்” என்றார். கேட்கிறவர் மேலே இருக்கிறார் என்று நான் சொன்னேன். அதிகாரி அம்மா அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

அதன் பிறகு நான் செய்தது தவறு. நாத்தனார்தான் மனம் மாறி அனுப்பிவிட்டாள் என்று நானாக நினைத்துக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சீட்டை என் நோட்டுக்குள் வைத்தேன். அவளோ சீட்டு மேசைக்குப் போயிற்று, ஆட்டம் நின்றதும் ஆள் மாறும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அறுபத்தேழாம் நிமிடத்தில் அந்தப் பெண் பக்கத்தில் யாருமே இல்லாமல் விழுந்தாள். முழங்கால் தசைநார் முழுக்க அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை ஆயிற்று. அவள் அப்பா பேருந்து ஓட்டுநர். மகளுக்குச் சீருடைப் பணித் தேர்வு அடுத்த மாதம் இருந்தது. அவர் புகார் கொடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். பயிற்சியாளர் கட்டாயப்படுத்தி இறக்கினார் என்றுதானே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கல்லூரி நாத்தனாரை மைதானத்துக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டது. பயிற்சியாளர் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளியதைப் பார்த்ததாக விளையாட்டு அலுவலர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கல்லூரி விசாரணையில் நாத்தனார், “நான் அனுப்பவில்லை” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் மாற்றுச் சீட்டு எங்கே என்று கேட்டதற்கு, “மேசைக்குப் போகவில்லை” என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள். இதை வீட்டில் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. நான் காய் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “என் பேரைச் சொல்ல வேண்டியதுதானே?” என்று கேட்டேன்.

“என்னன்னு சொல்றது? எங்க அண்ணி சாமி கும்பிட்டுட்டு இருந்தாங்கன்னா? கூடி உக்காந்து சிரிப்பாங்க அண்ணி. அப்புறம் நீங்க எப்பக் கண்ணை மூடினாலும் அந்தச் சிரிப்புதான் கேக்கும்” என்றாள்.

பதினோரு வருட வேலை போகிற நேரத்தில் அவள் பார்த்தது இதை. எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. அடுத்த நாள் நோட்டையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பட்டியலில் பெயர் இல்லாதவர் சாட்சி ஆக முடியாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறையும் போனேன். அதே பதில். அதனால் இங்கே வந்தேன்.

அந்தச் சீட்டை இப்போது ஒப்படைக்கிறேன். வரிசை எண் நாற்பத்திரண்டு. மடிப்பும் வியர்வைக் கறையும் உண்டு. இது பின்னால் எழுதியது என்று யாரும் சொல்லலாம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே ஆட்டத்தில் ஐம்பத்தைந்தாம் நிமிடம் மேசையில் கொடுத்த சீட்டு நாற்பத்தொன்று. அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அறுபத்தெட்டாம் நிமிடம் கொடுத்தது நாற்பத்து மூன்று. அவை போட்டி நடத்தியவர்களின் கோப்பில் இருக்கும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பெண்ணை வெளியே எடுக்க நாத்தனார் எப்போது கையெழுத்திட்டாள் என்று தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பெண் விழும்வரை போன நான்கு நிமிடம் என்னுடையது. அதை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், அவள் பெயரில் வேண்டாம்.

மேலே உள்ளதில் கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் மட்டுமே எழுதியிருக்கிறேன், யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை, கடவுள் முன்னும் இதையே சொல்வேன் என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)

பின்குறிப்பாக ஒன்று. நாத்தனாரை வேலையிலிருந்து நீக்குவதா என்று முடிவு செய்யக் கல்லூரிக் குழு வருகிற வியாழன் காலை பத்து மணிக்குக் கூடுகிறது. நாற்பத்தொன்றும் நாற்பத்து மூன்றும் கிடைத்தனவா என்பதை அதற்கு முன், புதன் மாலைக்குள், எழுத்தில் எனக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.