நாலு பத்துக்கு விழிக்கும் லேப்டாப்

மூடி வைத்த லேப்டாப் தானாக விழித்துக்கொண்டால், பத்துக்கு எட்டு தடவை குற்றவாளி மவுஸ்தான். மேசை லேசாக ஆடினால் போதும். மவுஸ் இம்மியளவு நகரும், உள்ளே தூங்குகிற இயந்திரம் யாரோ கூப்பிட்டதாக நினைத்து எழுந்துவிடும். பாப்பாவின் லேப்டாப்பிலும் முதலில் இருந்த கோளாறுகளில் ஒன்று அதுதான். அதை நான் ஒழுங்காகச் சரிசெய்து கொடுத்தேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பாப்பா என் தங்கை. முப்பத்தெட்டு வயதிலும் வீட்டில் அவள் பாப்பாதான். அம்மா போன பிறகு நாங்கள் இருவர் மட்டும். கீழே என் பழுதுபார்க்கும் கடை, பதினேழு படி ஏறினால் வீடு. பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட எனக்கு மனம் வராது. திறந்த மூல இயங்குதளம் ஒன்றைப் போட்டு, இன்னும் ஐந்து வருடம் ஓட வைத்துவிடுவேன். அதில் எந்தக் கோப்பையும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். தூங்க வைப்பதும் எழுப்புவதும்தான் தலைவலி. சிலது தூங்கவே தூங்காது. சிலது தூங்கினால் எழாது. திரை கறுத்துக் கிடக்க, உள்ளே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

பாப்பா காதால் பிழைப்பவள். கூட்டங்களிலும் விசாரணைகளிலும் பதிவான பேச்சை ஹெட்போனில் கேட்டு, அப்படியே தட்டச்சு செய்து அனுப்புவாள். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் யார் எதைச் சொன்னார் என்று பிரித்துவிடுவாள். லேப்டாப் மக்கர் செய்தால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. படியின் உச்சியில் நின்று, "அண்ணா, மறுபடி முழிக்க மாட்டேங்குது, கொஞ்சம் வாங்களேன்" என்பாள். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஏறிப் போவேன். சரியானதும், "நீங்க இல்லாட்டி எனக்கு ஒண்ணும் ஓடாதுண்ணா" என்பாள்.

பிறகு நான் ஒரு தவறு செய்தேன். கோளாறை முழுதாகத் தீர்த்துவிட்டேன். மூடினால் தூங்கியது, திறந்தால் எழுந்தது. ஐந்து மாதம் படியில் அவள் குரலே கேட்கவில்லை. அந்த ஐந்து மாதத்தில்தான் மருந்துக்கடைக்காரர் வந்தார்.

அவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மனைவியை இழந்தவர், தன்மையாகப் பேசுவார். வேறு ஊரில் கடை வைக்கப் போவதாகவும், பாப்பாவைக் கல்யாணம் செய்து கூட்டிப் போக விரும்புவதாகவும் முறையாக என்னிடம் வந்து கேட்டார். அவளைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அன்று சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது, ஒரு தட்டும் ஒரு டம்ளரும் மட்டும் இருக்கப்போகிற அலமாரி கண்முன் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதை நான் மறைக்கவில்லை, பாருங்கள்.

லேப்டாப்புக்கு ஒரு நேரம் குறித்துக் கொடுத்தால், மூடியிருந்தாலும் அந்த நேரத்துக்கு எழுந்துகொள்ளும். ஒரே ஒரு வரி போதும். பிற்பகல் மூன்றரைக்கு வேலையை முடித்து, அதை மூடிவிட்டு, பக்கத்தில் சற்றுப் படுப்பது பாப்பாவின் வழக்கம். நான் நாலு பத்து என்று குறித்தேன். முதலில் விசிறி மட்டும் உறுமி அடங்கியது. அவள் கூப்பிட்டாள், நான் போனேன். மவுஸைக் கழற்றி மாட்டினேன், தலையைச் சொறிந்தேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் கல்யாணப் பேச்சு நிற்கவில்லை.

அதனால் அம்மாவின் குரலைச் சேர்த்தேன்.

என் பழைய கைபேசியில் அம்மா எப்போதோ அனுப்பிய குரல்செய்தி ஒன்று இருந்தது. "பாப்பா, கதவ சாத்திட்டியா?" அவ்வளவுதான். லேப்டாப் விழித்து ஒரு நிமிடம் கழித்து அது ஒலிக்கும்படி வைத்தேன். சத்தமாக வைக்கவில்லை, அடுத்த அறையிலிருந்து கேட்பதுபோல வைத்தேன். அதன்பின் சில நிமிடம் அறையின் சத்தத்தைப் பதிவுசெய்துவிட்டு மறுபடி தூங்கும். ஒலி சரியான அளவில் இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டுமே. கடைசியாக, எழுந்ததையும் தூங்கியதையும் லேப்டாப் தானே குறித்துக்கொள்ளும் பதிவேட்டிலிருந்து, தான் எழுந்த தடயத்தை அதுவே அழித்துவிடும்.

"அண்ணா, அது லேப்டாப்லேர்ந்துதான் வருதோ?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். புத்திசாலி. பக்கத்தில் உட்காரவைத்து, பதிவேட்டை எப்படிப் படிப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"மனுஷன்தான் பொய் சொல்லுவான் பாப்பா. மெஷின் சொல்லாது. பாரு, நாலு பத்துக்கு அது தூங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

அவள் அந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பிறகு தன் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வேலை தானாகவே நடந்தது. கதவைச் சாத்தினோமா என்று எழுந்து எழுந்து பார்ப்பாள். ஒரு விசாரணையின் நடுவில், சாட்சி சொல்வதுபோல, "கதவ சாத்திட்டியா" என்று தட்டச்சு செய்து அனுப்பிவிட்டாள். வேலை தந்தவர்கள் அதோடு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மருந்துக்கடைக்காரரை நானே கீழே உட்காரவைத்துப் பேசினேன். அவளுக்கு உடம்பு சரியில்லை, மேற்கொண்டு பேச வேண்டாம் என்றேன். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். கடை விடுமுறையில் நான் வீட்டில் இருக்கும் நாளுக்கு மட்டும் நேரம் குறிக்க மாட்டேன். "நீங்க இருக்கற அன்னிக்கு அம்மா வர மாட்டேங்குறாங்கண்ணா" என்று என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். என்னை அவ்வளவு நம்பினாள்.

கல்யாணம் நின்ற பிறகாவது ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்காதே என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

எங்கள் தொழிலில் இன்னொரு பாடமும் உண்டு. கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால், அதற்கு மேலே தேதி, பெயர், காரணம் மூன்றையும் குறித்துவைக்க வேண்டும். நாளைக்கு வேறொருவர் திறந்தால் குழம்பக் கூடாது. முப்பது வருடமாக நான் அதைத் தவறவிட்டதில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நாலு பத்து என்று குறித்த வரிக்கு மேலேயும் என் கை தானாக எழுதியிருக்கிறது: தேதி, "அண்ணன்", பிறகு "பாப்பா போய்விடக் கூடாது என்பதற்காக". பதிவேட்டை அழிக்கத் தெரிந்த எனக்கு இது நினைவில்லை. அவள் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்த பொறுமைதான்.

தினமும் நாலு பத்துக்குக் கடையைச் சாத்திவிட்டு, ஏறி வந்து கதவுக்கு வெளியே நிற்பேன். அவள் பயந்து கூப்பிட்டால் உடனே போக வேண்டும் அல்லவா. அன்றும் நின்றேன். அம்மாவின் குரல் வந்தது. வழக்கமான அழுகை வரவில்லை. பாப்பா எதையோ சத்தமாக வாசித்தாள். தேதி. அண்ணன். பாப்பா போய்விடக் கூடாது என்பதற்காக. ஒருமுறை வாசித்துவிட்டு, மறுபடி வாசித்தாள்.

கதவு திறந்தது. தோளில் பையோடு வந்தவள், கைக்கெட்டும் தூரத்தில் நான் நிற்பதைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம். குரல் கேட்ட பயம் இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன். என்னை ஒட்டி நழுவி முதல் படியில் கால் வைத்தாள். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். முழு பலத்தோடு கீழ்ப்பக்கம் இழுத்தாள். "அண்ணா, விடுங்க" என்றாள்.

விட்டேன். அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. விட்டால் என்ன ஆகும் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். பதினேழு படி.

கால் தவறி விழுந்து இறந்தாள் என்று நீங்களே முதலில் எழுதிக்கொண்டு போனீர்கள். கோப்பில் நான் எழுதிவைத்த வரியை அவள் முன்பே படமெடுத்து மருந்துக்கடைக்காரருக்கு அனுப்பியிருந்தது எனக்குத் தெரியாது. பேச்சு முறிந்த பிறகு அவளிடமிருந்து வரும் எதையும் அவர் திறந்து பார்ப்பதில்லையாம். பதினோராம் நாள்தான் திறந்திருக்கிறார். அந்தப் பத்து நாளும் லேப்டாப் என்னிடம்தான் இருந்தது.

இப்போது அது உங்கள் ஸ்டேஷன் அலமாரியில் இருக்கிறது. சார்ஜ் இருந்தால் நாலு பத்துக்கு எழுந்துகொள்ளும். யாரும் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அம்மாவின் குரலை எடுத்துவிட்டேன். அன்றைய பதிவிலிருந்து பாப்பாவின் குரலை வைத்திருக்கிறேன். "அண்ணா" என்று கூப்பிடுகிறாள், முன்பு படியில் நின்று கூப்பிடுவாளே, அதே மாதிரி. அதற்கடுத்து வந்த "விடுங்க" வெறும் இரைச்சல். அதை வெட்டிவிட்டேன்.