பாதித் தோத்திரம்

கையிலே ஒண்ணும் படல்லே மோளே. சாயாதானே கொட்டிச்சு. சூடு தாங்காம விட்டுட்டேன்ணு வெச்சுக்கோ. கிளாசு போனா போட்டும், முதலாளி அனூப் சாரு சாலைக்கடையிலேர்ந்து பெட்டியா வாங்கி வெச்சிருக்காரு. நீ எறங்காதே, காலிலே சில்லு ஏறும். மழைக்குக் கதவை அடச்சா ஒண்ணும் தெரியாது பாரு. கட்டில்லேயே இரி, நான் தூத்துக்கிடுதேன்.

ஆமா, எஸ்டேட்டுக் கூலிக்காரங்களுக்குக் கெட்டின இந்த லயத்துலேதான் இருந்தேன். இதே வீடு. இப்போ ரிசார்ட்டு ரூமுண்ணு பேரு. கல்யாணம் களிஞ்சு வந்ததும் இங்கேதான், கொளுந்து நுள்ளப் போனதும் இங்கேர்ந்துதான். இப்போ நான் சமையல்காரி ராகேலு, அடுப்படிக்குப் பின்னாலே ஒரு சாய்ப்பு. வாசல் போர்டுலே என்ன எழுதியிருக்கு, ஆப்பு கிரிட்டா, கரண்டு கம்பி வராத எடம்ணு? சரிதான், எங்களுக்கு வெச்ச ஆப்பை நேராவே எழுதியிட்டான்.

சிரிக்காதே. கம்பெனி எஸ்டேட்டைப் பூட்டினப்போ லயத்துக் கரண்டை அறுத்துட்டுப் போச்சு. நாங்க ஏறி எறங்காத ஆபீசு இல்லே. ஒருத்தன் ஃபாரஸ்டைக் கேளுண்ணான், ஃபாரஸ்டுக்காரன் கம்பெனியைக் கேளுண்ணான். கம்பெனி எங்கே கெடக்கு, போய்க் கேக்க? இப்போ பாரு, கரண்டு இல்லாத வீட்டுலே கெடக்கணும்ணு நீங்க டவுண்லேர்ந்து காசு குடுத்து வாறீங்க. ராந்தல் உங்களுக்கு அழகு. உங்க மீனு கெடக்கிய ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஆபீசுக்குப் பின்னாலே சோலாரு உண்டு, கேட்டியா.

போனை நீட்டாதே மோளே. அனூப் சாரு எனக்குச் சொல்லித் தந்திருக்காரு. கரண்டு இல்லாததுனாலேதான் சமாதானம் கெடச்சு, கர்த்தரைக் கண்டேன்னு சொல்லணுமாம். வீடியோ நல்லா ஓடுமாம். நான் மாட்டேன். சபையிலே சாட்சி சொல்ல எழும்பினா பொய் சொல்லக்கூடாது, போனுக்கு முன்னாலே சொன்னாலும் அது சாட்சிதானே? கர்த்தரைக் கண்டது நெசம். ஆனா கரண்டை அறுத்தவனுக்கு அதுலே ஒரு பங்கும் கெடயாது. அதைச் சொல்லட்டா? போடுவியா?

பாத்தியா, போனைக் கவுத்தி வெச்சுட்டே.

எங்க வீட்டுக்காரரு வேதமாணிக்கத்துக்கு மூச்சுமுட்டு. ஃபேக்டரித் தேயிலைத் தூசி நெஞ்சுலே கட்டினது. மருந்தைப் பொகையா விடுமே ஒரு மெஷின், அதைச் சபைக்காரங்க சேந்து வாங்கித் தந்தாங்க. கரண்டு உள்ள மட்டும் மனுசன் நடந்தாரு. பொறவு மெஷின் அலமாரிமேலே ஏறிச்சு, அவரு கட்டில்லே விழுந்தாரு. கர்க்கடக மாசத்து அடைமழை, ரோடு இடிஞ்சு ஜீப்பும் ஏறாது. மூடுமஞ்சு எறங்கினா உச்சைக்கே இந்த வீட்டுக்குள்ளே கண்ணைக் குத்தினாலும் தெரியாது. நான் அடுப்புக்கிட்டே, அவரு இங்கே. ஆளு உசுரோட இருக்குண்ணு எப்படி அறிய? அவரே ஒரு வழி கண்டாரு. ஒரு மூச்சு முழுசாக் கெடச்சா தோத்திரம்ணு சொல்லுவாரு. அதைக் கேட்டுட்டு நான் அடுப்பை ஊதுவேன்.

எதுக்குத் தோத்திரம், எவன் என்னத்தைத் தந்தான்ணு கத்துவேன். கெடச்ச மூச்சுக்குண்ணுவாரு. அவ்வளவுதான் அவருக்குப் பேச ஒக்கும். அவரு தோத்திரம் சொல்லச் சொல்ல நான் கர்த்தர்கிட்டே சண்டை போட்டேன். வாயிலே வந்ததெல்லாம் கேட்டேன். சண்டை போடுததுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு உண்டுண்ணு அப்போதான் எனக்குத் தெரிஞ்சுது. என் விசுவாசம் அதுதான் மோளே. இண்ணைக்கும் சண்டைதான்.

ஒருநாள் உச்சைக்கு, ‘தோத்...’ண்ணு கேட்டுது. மீதி வரல்லே. ஊதுகுழலைக் கையிலே பிடிச்சுட்டு நான் காத்தே நிண்ணேன்.

அதுக்குப் பொறவு இந்த ரூமுக்குள்ளே எப்போ கால் வெச்சாலும் நான் முழுசாச் சொல்லியிட்டுத்தான் வருவேன். வந்தவங்களுக்கெல்லாம் அது வணக்கம் மாதிரி. தலையை ஆட்டுவாங்க, சாயாவை வாங்கிக்கிடுவாங்க. நீயும் அப்படித்தான் நெனச்சிருப்பே. ஆனா நீ சபைக்காரப் பிள்ளையாச்சே, இருட்டுலே கெடந்துக்கிட்டே பதிலுக்குத் தோத்திரம்ணு சொன்னே. அவரு கட்டில் கெடந்த அதே மூலையிலேர்ந்து, முழுசா.

கிளாசைச் சூட்டுக்கு விட்டதில்லே மோளே.