ஒன்பது படங்களும் ஒரு வாளி நீலமும்

ஷாவன் ஊரின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி நன்றாகத்தான் இருக்கிறது, டாக்டர். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை பேருந்தை விட்டு இறங்கியதும் என் கணவர் முஃபத்தல் எனக்கு முதலில் வாங்கிக் கொடுத்தது அதைத்தான். சூடான ரொட்டியில் வைத்து, மேலே தேன் விட்டு, ஆறுவதற்குள் நின்றுகொண்டே சாப்பிடச் சொன்னார். பையையும் அவரே தூக்கிக்கொண்டார். அந்த மலையூரில் படி இல்லாத தெரு கிடையாது, எனக்கோ முழங்கால் வலி. அவர் முன்னால் ஏறிப்போய், நின்று, திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நேற்று அவர் உங்களிடம் வந்து, தன்னை மனநல மருத்துவமனையில் சேர்த்துப் பூட்டிவைக்கும்படி கேட்டிருக்கிறார். நீங்களும் சீட்டு எழுதிக்கொடுத்து, திங்கட்கிழமை கூட்டிவரச் சொல்லிவிட்டீர்கள். அது வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த வெயிலில் தெத்துவான் நகரின் பாதியை நடந்து வந்திருக்கிறேன். களைப்பாக இருக்கிறது. மெதுவாகச் சொல்கிறேன்.

பதினோரு வருடம் அவரைப் பார்த்துக்கொண்டவள் நான். தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்த மனிதர் ஒருநாள் வேலைக்குப் போகாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார், அவ்வளவுதான். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், முகம் மழித்தேன், நகம் வெட்டினேன். ஒரு குளிர்காலத்தில் வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் கத்தரித்துப் போட்டுவிட்டு, விடிந்ததும், "இத யாரு பண்ணது பத்தூல்?" என்று என்னையே கேட்டார். அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. நான் துணிகளைப் பொறுக்கித் தலையணைக்குள் அடைத்துத் தைத்தேன். எங்கள் தெருவில் மகளைக் கட்டிக்கொடுக்கும்போது, "பத்தூலப் பாத்துக் கத்துக்கோ" என்று சொல்லி அனுப்புவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, கேள்விப்பட்டதைச் சொல்கிறேன்.

கையால் ஏதாவது செய்யட்டும் என்று சொன்னது நீங்கள். ஷாவனில் ரஹீமு என்றொரு பெண் ஓவியக்கூடம் நடத்துகிறாள், வாராவாரம் அனுப்புங்கள் என்றீர்கள். அனுப்பினேன். முதலில் நான் பேருந்தில் ஏற்றிவிட வேண்டியிருந்தது, பிறகு அவரே போனார். நகக்கண்ணில் வண்ணத்தோடு திரும்பி வந்து இரண்டு முட்டை கேட்டார். கத்தரிக்காய்க்காரனிடம் பேரம் பேசிவிட்டு வந்தார். தானே மழித்துக்கொள்கிறேன் என்று தாடையை வெட்டிக்கொண்டு, அதற்கும் சிரித்தார். ஒரு ராத்திரி, "நீ போய்த் தூங்கு, எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன். போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தேன். நன்றாகவே விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பயணம் அவர் எனக்குத் தந்த பரிசு. சனிக்கிழமை மாலை ஓவியக்கூடத்தில் அவருடைய ஒன்பது படங்களைப் பார்வைக்கு வைப்பதாக இருந்தது. அதற்கு முந்தின நாளே போய் மாடி அறையில் தங்கி, ஞாயிறன்று திரும்புவது என்று ஏற்பாடு. "ரெண்டு நாள் நீ ஒரு துரும்பக் கிள்ளிப் போடக் கூடாது, ராணி மாதிரி இருக்கணும்" என்றார். வேலை செய்யாமல் இருப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று ஆண்களுக்குத் தெரியாது.

அந்த ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. தேநீர்க்கடையிலிருந்து ஒருவர் கையசைத்தார், கம்பளம் விற்பவர் எழுந்து வந்து தோளில் தட்டினார். என்னை யாருக்கும் தெரியவில்லை. ரஹீமு வாசலில் காத்திருந்தாள். சத்தமான பெண், கள்ளமில்லாதவள்.

"லல்லா பத்தூல், வாங்க அண்ணி வாங்க. அண்ணன் இத்தன நாளா உங்கள எந்தப் பொட்டியில பூட்டி வச்சிருந்தாரு?"

"பூட்டி வச்சிருந்தது நானில்ல, அவதான்" என்றார் என் கணவர்.

"ஐயோ பாவம். அப்படி என்னண்ணே தப்பு பண்ணீங்க?"

"கொஞ்ச நாள் ஒடம்புக்கு முடியாமக் கெடந்தேன். அது பழைய கத. நீ டீயப் போடு மொதல்ல, புதினாவுல கஞ்சத்தனம் காட்டாத."

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்ச நாள் என்றார், டாக்டர். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. எனக்கு வலித்தது. ஆனால் இனி சொல்லப்போவதைக் கோபப்பட்டுச் செய்தேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், கோபப்படும் தெம்பு என்னிடம் இல்லை.

படங்களைக் காட்டினார். கதவுகள், ஆடுகள், ஓடையில் கம்பளம் துவைக்கும் பெண்கள். ஒன்பதாவது படம் துணி போட்டு மூடியிருந்தது. "இது உனக்கு" என்று துணியை எடுத்தார். அதில் நான் இருந்தேன். ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடக்கின்றன.

"நான் எப்பங்க இப்படி உக்காந்தேன்?"

"உக்காரவே இல்ல. இனிமே உக்காரு."

நல்ல படம்தான். கைகள் அச்சு அசலாக என்னுடையவை. அவற்றைப் பார்க்கப் பார்க்க, யாரோ செத்துப்போனவளின் கைகளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போய் வந்தார். ரஹீமு ஒரு தட்டு நிறைய குஸ்குஸைக் கொடுத்துவிட்டு, ஓவியக்கூடத்துச் சாவியையும் என்னிடம் தந்து, அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். சாப்பிட்டதும் வழக்கமாக அவர் போடும் அரை மாத்திரையை முழுதாகக் கொடுத்தேன். பயண அலுப்பு, நன்றாகத் தூங்கட்டும் என்றுதான். தூங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை குஸ்குஸுக்குப் பிறகு அந்தத் தெருவில் பூனைகூட நடமாடாது. ரமதான் வருகிறதென்று தெருப்பெண்கள் சுவர்களுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தவர்கள், வாளியையும் மட்டையையும் அப்படியே வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வாளியை உள்ளே தூக்கிவந்தேன். எட்டுப் படங்களுக்கும் மேலிருந்து கீழாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வேன், அது என் வழக்கம். என் படத்துக்கு மட்டும் மூன்றாவது பூச்சு தேவைப்பட்டது. அந்தக் கைகள் நீலத்துக்குள்ளிருந்து வெளியே தெரிந்துகொண்டே இருந்தன.

பிறகு மாடிக்குப் போய் அவருடைய கைகளுக்குப் பூசினேன். விரல் விரலாக, நகக்கண் வரைக்கும். சட்டைக் கையிலும் கொஞ்சம் தெளித்தேன். குழந்தைபோல் கையைக் கொடுத்துக்கொண்டு கிடந்தார். எலுமிச்சம்பழம் தேய்த்து என் கைகளைக் கழுவிக்கொண்டு, பக்கத்தில் படுத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்று எனக்குத் தூக்கம் வந்தது.

அவர் குரல் கேட்டு விழித்து இறங்கிப் போனபோது, கீழே படங்களின் முன்னால் நின்றிருந்தார். கைகளைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பத்தூல், நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணுமில்லங்க. நான் இருக்கேன்ல."

"மறுபடியும் வந்துடுச்சா?"

"வந்தா வரட்டும். கையக் காட்டுங்க, வெந்நியில கழுவி விடறேன்."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள்தான் செய்தீர்கள் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ரஹீமு திரும்பி வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பரவால்லண்ணே, ஒரு சுவருதான் போச்சு, வீடு நிக்குதுல்ல, மறுபடி வரைவீங்க" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையிலேயே ஊர் திரும்பிவிட்டோம். இந்தத் தடவை பையை நான் தூக்கிக்கொண்டேன்.

இப்போது பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். நான் ஊட்டினால் சாப்பிடுகிறார். ராத்திரி மூன்று தடவையாவது எழுப்புகிறார், எனக்கு இடுப்பு ஒடிகிறது. தெருப்பெண்கள் சூப்பு கொண்டுவந்து கொடுத்து, உன்னைப்போல் யாரால் முடியும் என்கிறார்கள். எல்லாம் ஒரு மாதிரி ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்தது. அதற்குள் இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்ததோ. "நெனவில்லாம இன்னிக்குப் படத்த அழிச்சேன், நாளைக்கு உன்ன ஏதாவது பண்ணிட்டேன்னா?" என்று கேட்டு அழுகிறார். எனக்காகப் பயந்துதான் உங்களிடம் வந்து பூட்டிவைக்கச் சொல்லியிருக்கிறார். பதினோரு வருடத்தில் எனக்காக அவர் தனியாக எங்கேயும் நடந்து போனதில்லை.

அங்கே யார் அவருக்கு ஊட்டுவார்கள்? ரொட்டியின் ஓரத்தை எடுத்துவிட வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் தொடுவார்கள். என்னால் அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் யாரையும் ஒன்றும் செய்யமாட்டார். படங்களை அழித்தது நான், கைகளில் பூசியதும் நான், அவருக்கு ஒரு நோயும் இல்லை. திங்கட்கிழமைச் சீட்டை நீங்கள் தாராளமாகக் கிழித்துப் போடலாம்.

ஆனால் இதை அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். பாவம், அவர் தாங்கமாட்டார்.