மூணு சாமி, ஒரே ஓனர்

— ஒரே ஓனருன்னு சொல்லுதீங்களே கிதிர் பாய், அப்ப இந்த டேஷ்போர்டுல எதுக்கு மூணு சாமி இருந்த தடம் கிடக்கு?

— எங்கன அக்கா?

— குனிஞ்சு பாருங்க. இங்கன வட்டமா பசை. இது பிள்ளையாரு. பக்கத்துல நெட்டுக்கும் குறுக்குக்கும் ஒரு தடம். அது சிலுவை. கண்ணாடியில 786 சுரண்டின மிச்சம். ஸ்டான்லி அண்ணாச்சி, நீங்களும் வந்து பாருங்க. ஒரு ஆளு மூணு கோயிலுக்குமா போவாரு? வண்டி மூணு கை மாறியிருக்கு.

— அது சரி. ஆனா நான் போன்ல நம்பரைப் போட்டுப் பாத்துட்டேன் அனுசியா. ஓனர் ஒண்ணுன்னுதான் காட்டுது. பேரை மட்டும் நட்சத்திரம் போட்டு மறைச்சிருக்கு.

— எதுக்கு மறைக்கணும்? நல்ல ஆளா இருந்தா முழுப் பேரையும் போட வேண்டியதுதான?

— எல்லாருக்கும் அப்படித்தான் அக்கா வரும். உங்க ஸ்கூட்டி நம்பரைப் போட்டாலும் நட்சத்திரம்தான்.

— என் ஸ்கூட்டி கதை இப்ப எதுக்கு? நான் கேட்டது சாமி கதை.

— ஸ்டான்லி சார், ஒரே வார்த்தை. இந்தக் குத்தாலம் ரோட்டுல எத்தனை கடை ஏறி இறங்கினாலும் இப்படி ஒரு வண்டி கிடைக்காது. மீட்டரைப் பாருங்க. எட்டு வருஷத்துக்கு முப்பதாயிரம்கூட ஓடல. ரிட்டயர்டு ஆளு. காலையில ஒரு மணி நேரம் எடுப்பாரு, கொண்டு வந்து நிப்பாட்டிருவாரு.

— ஓடாத வண்டிக்கு எதுக்கு பாய் ரெண்டு தடவை கிளட்ச் மாத்தியிருக்கு? நேத்து நான் கூட்டிட்டு வந்த மெக்கானிக் பாத்துட்டுச் சொன்னான்.

— கிளட்ச்சுன்னா தேயத்தான செய்யும் சார்.

— பதறாமக் கேக்கேன். வண்டி ஓடல. கிளட்ச் தேஞ்சிருக்கு. ஓடாம எப்படித் தேயும்?

— நிப்பாட்டி வச்சு மிதிச்சுக்கிட்டே இருந்தாரு போல அண்ணாச்சி. ரிட்டயர்டு ஆளுல்லா, பொழுது போகணுமே. நகருங்க, நான் காந்தம் வச்சுப் பாக்கேன்.

— காந்தமா? அக்கா, அது என்ன மாம்பழம்?

— எங்க பிரிஜ்ஜுல ஒட்டியிருந்தது. தகரமுன்னா பிடிக்கும், பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சிருந்தா வழுக்கிரும். பாருங்க, முன் கதவு பிடிக்கி. பின் கதவு... விழுந்துட்டு! எங்க போயி இடிச்சாரு உங்க ரிட்டயர்டு ஆளு?

— சின்னக் கீறல் அக்கா. ரிவர்ஸ் எடுக்கையில.

— நான் என்ன நெனச்சேன்னா, இது சீசன் வண்டி. குத்தாலத்துக்குக் குளிக்க ஆளு ஏத்தின வண்டி. அதான் சீட்டை மோந்து பாத்தேன். எண்ணெய் வாடை துளி இல்ல. எண்ணெய் தேச்ச முதுகு ஒரு தடவை சாஞ்சாலும் அந்த வாடை சாமானியத்துல போகாது. அப்ப டாக்ஸியும் இல்ல. பிறகு என்ன வண்டிதான் இது? இங்க பாருங்க, இடது பக்கம் உக்காருதவரு கால் வைக்குத இடத்துல ரப்பர் மேட்டு ஓட்டை விழுந்து கிடக்கு. சும்மா உக்காந்து வாரவரு எதுக்குக் காலால இந்தக் குத்து குத்தினாரு?

— சார், முடிக்கதுன்னா இப்பவே முடிச்சிருங்க. இன்னொரு பார்ட்டி வேற பதினோரு மணிக்கு வாரேன்னு சொல்லியிருக்காங்க.

— வந்துட்டாங்கய்யா இன்னொரு பார்ட்டி! சேலை எடுக்கப் போனாலும் இன்னொரு பார்ட்டி, பொண்ணு பாக்கப் போனாலும் இன்னொரு பார்ட்டி. இதுவரைக்கும் ஒரு பார்ட்டி முகத்தை நான் கண்ணால பாத்ததில்ல.

— அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுதேன் அக்கா. ஒரு அம்மா. முந்தாநாள் வந்தாங்க. மீட்டரைக் கேக்கல. டயரைத் தட்டல. பின் கதவைத் திறந்தாங்க, செருப்பைக் கழத்தி வச்சாங்க, பின் சீட்டுல ஏறிப் படுத்துப் பாத்தாங்க.

— கார் வாங்க வந்தாளா, கட்டில் வாங்க வந்தாளா?

— அதான் நானும் நெனச்சேன். முன் சீட்டை எவ்வளவு தள்ளலாம்னு கேட்டாங்க. தள்ளிக் காட்டினேன். மறுபடியும் படுத்தாங்க. எந்திரிச்சு, வேற யாருக்கும் குடுத்துராதீங்க பாய்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

— பொய் சொன்னாலும் நம்புத மாதிரி சொல்லணும் பாய். அண்ணாச்சி, சும்மா கேக்கேன். நெஞ்சுவலி வாரது உங்களுக்கு. வீட்டுல ஓட்டத் தெரிஞ்சதும் உங்களுக்கு மட்டும்தான். அப்ப ஆஸ்பத்திரிக்கு வண்டியை யாரு ஓட்டுவா?

— என் தங்கச்சி மகன் ஜெபசிங் இருக்காம்லா.

— அவன் எந்திரிக்கதே பத்து மணிக்கு. நெஞ்சுவலியை அதுக்கு மேல வரச் சொல்லணும்.

— வேற என்ன செய்யச் சொல்லுத? போன சீசன்ல பட்டது போதாதா? ஞாயித்துக்கிழமை, அருவியில தண்ணி கொட்டுது. தென்காசியில உள்ள ஆட்டோ, காரு அம்புட்டும் குத்தாலத்துல நிக்கி. கூப்பிட்ட ஒருத்தனும் வரல. கடைசியில என்னை மீன் வண்டியிலதான தூக்கிப் போட்டீங்க.

— எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுல இருந்து ஓடி வந்து அந்த மீன்காரனைக் குறுக்க விழுந்து மறிச்சதே நான்தான. ஒரு வாரம் என் சேலையில சாளை நாத்தம்.

— கால் நீட்ட இடமில்ல. ஐஸ் பெட்டிக்கு நடுவுல மடங்கிக் கிடக்கேன். வலி நெஞ்சுலயா, முழங்கால்லயான்னே தெரியல. என் வீட்டுக்காரி சுகிர்தம் பெட்டி மேல உக்காந்து என் காலை மடியில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே வந்தா.

— இப்ப வண்டி பாக்க வந்தது சுகிர்தத்துக்குத் தெரியுமா?

— தெரியாது. சொன்னா வேண்டாம்பா. காருன்னாலே அவளுக்குப் பயம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டைக் கடக்கதுக்கே என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டுதான் வருவா. சரி பாய், சாவியைக் குடுங்க. ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்.

— ஆபீஸ்ல இருக்கு சார். எடுத்துட்டு வாரேன்.

— போயிட்டாரு. அண்ணாச்சி, டிரைவர் சீட்டுக்கு அடியில கையை விட்டுப் பாருங்க. வண்டியோட கதை பூரா சீட்டுக்கு அடியிலதான் கிடக்கும்.

— ஒரு காஞ்ச எலுமிச்சம்பழம். மிட்டாய்த் தாளு. ஒரு...

— என்ன அது? ஏன் கையை இழுத்துக்கிடுதீங்க?

— மூக்குக்கண்ணாடிக் கூடு.

— யாரோ மறந்து விட்டுருப்பாங்க.

— மூடியில பிளாஸ்திரி ஒட்டியிருக்கு பாரு. நான் ஒட்டினது. இது சுகிர்தத்தோட கூடு. வீடு பூரா தேடிக்கிட்டு இருக்கா.

— அண்ணாச்சி, முதல்ல உக்காருங்க. முகமெல்லாம் வேர்க்கி.

— இது எப்படி இங்கன வந்துச்சு?

— நான் அடுத்தவ கதையைப் பேசுத ஆளு கிடையாது. உங்களுக்கே தெரியும்.

— என்னன்னு சொல்லு அனுசியா.

— ஒண்ணுமில்ல, சும்மா கேக்கேன். சுகிர்தம் தினமும் விடியக்காலம் எங்க போறா?

— கோயிலுக்கு. காலை ஜெபம். என் நெஞ்சுவலிக்குப் பிறகு ஆரம்பிச்சா. எனக்காகத்தான் போறா.

— உங்க கோயில்ல காலை ஜெபம் சனிக்கிழமை மட்டும்தான்னு பாட்டுக் குழுவுல பாடுத ஜாய் சொன்னாளே.

— ம்.

— இன்னும் சொல்லட்டா? போன மாசம் ஆய்க்குடி முருகன் கோயிலுக்குப் போயிட்டு வாரேன். விடிஞ்சும் விடியாம இருக்கு. எதுத்தாப்புல ஒரு வெள்ளைக் காரு. இதே காருதான், இப்பத் தெரியுது. உள்ள சுகிர்தம். கூட மீசை வச்ச ஒரு ஆளு. ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.

— இம்புட்டு நாளும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?

— உங்க நெஞ்சுக்கு ஆகாதேன்னுதான். தெருவுல ரெண்டு மூணு பேருகிட்ட மட்டும்தான் சொன்னேன்.

— அவ எந்தப் பக்கம் உக்காந்திருந்தா?

— அதைப் பாக்கலையே. யாரு கூடப் போறான்னுதான் பாத்தேன்.

— கூடு உடைஞ்சதும் என்கிட்டதான கொண்டாந்தா. இதுல கொஞ்சம் பிளாஸ்திரி ஒட்டித் தாங்கன்னு. ஒரு கூடு உடைஞ்சாச் சொல்லுதவ...

— பாய் வாராரு. கண்ணைத் துடைங்க. கூட்டைப் பைக்குள்ள போடுங்க.

— இந்தாங்க சார் சாவி. என்ன, ரெண்டு பேரும் ஒரு மாதிரியா நிக்கீங்க?

— வண்டி வேண்டாம் பாய். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். இந்த வண்டிக்காரன் யாரு? மீசை இருக்குமா?

— மீசையா? இருக்கும் சார். பெருசாவே இருக்கும்.

— கேட்டீங்களா அண்ணாச்சி!

— விடியக்காலம் ஆய்க்குடி ரோட்டுல பொம்பளையாளுகளை ஏத்திக்கிட்டுப் போவானா?

— அது... உங்களுக்கு யாரு சார் சொன்னா?

— அப்ப உண்மைதான்.

— சத்தம் போடாதீங்க சார். வெலை இறங்கிரும்னுதான் சொல்லாம இருந்தேன். இது சங்கிலிப்பாண்டி மாஸ்டர் வண்டி. பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. பொம்பளையாளுகளுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லிக் குடுத்தாரு. இப்ப முழங்கால் முடியலன்னு வண்டியை என்கிட்ட போட்டுட்டாரு.

— கார் ஓட்டச் சொல்லிக் குடுத்த வண்டியா? அப்ப எல் போர்டு எங்க?

— ஊருக்குள்ள வைக்க மாட்டாரு அக்கா. ஆய்க்குடி ரோட்டுல போயித்தான் ஒட்டுவாரு. அவருகிட்ட வாரவங்க பூரா வீட்டுக்குத் தெரியாம, தெருவுக்குத் தெரியாம படிக்க வாரவங்க. இந்த வயசுல இவளுக்கு எதுக்குக் காருன்னு பேசுததுக்குத் தெருவுக்கு ஒரு ஆளு இருக்காம்லா.

— எந்தத் தெருவுல அப்படிப் பேசுதாங்க?

— நான் பொதுவாச் சொன்னேன் அக்கா. சார், கிளட்ச் ஏன் தேஞ்சுதுன்னு இப்பப் புரியுதா? பின் கதவும் அப்படித்தான், ரிவர்ஸ் பழகினதுல. அந்த மேட்டுல உள்ள ஓட்டை மாஸ்டர் காலு. அவரு பக்கத்துல பிரேக் கிடையாது. இருந்தாலும் மிதிச்சுக்கிட்டே வருவாரு.

— அப்ப அந்த மூணு சாமி?

— பழக வாரவங்க அவங்கவங்க சாமியைக் கொண்டாந்து ஒட்டிருவாங்க சார். பயம்லா. மாஸ்டர் ஒண்ணையும் எடுக்கச் சொல்ல மாட்டாரு. விக்கதுக்காக நான்தான் எடுத்துப் பத்திரமா வச்சிருக்கேன்.

— டிரைவர் சீட்டு அனுசியா. கூடு கிடந்தது டிரைவர் சீட்டுக்கு அடியில.

— சரி, இருக்கட்டும் அண்ணாச்சி. ரோட்டைக் கடக்கப் பயப்படுதவ, வண்டியே இல்லாத வீட்டுல இருந்துக்கிட்டு, எதுக்கு ஓட்டப் படிக்கணும்? என்ன இருந்தாலும் கட்டின புருஷன்கிட்ட மறைக்கலாமா?

— நான் மட்டும் அவகிட்ட சொல்லிட்டா இங்கன வந்தேன்?

— அது வேற, இது வேற.

— ஒண்ணும் வேற இல்ல. இனிமே தெருவுல அந்த ரெண்டு மூணு பேருகிட்டயும் நீயே போயிச் சொல்லிரு. பாய், முடிங்க. நீங்க சொன்ன வெலைக்கே எடுத்துக்கிடுதேன்.

— அண்ணாச்சி! ஒரு ரூவா குறைக்காமயா? அதுக்கா நான் காந்தத்தைத் தூக்கிட்டு வந்தேன்?

— ஒரு நிமிஷம் சார், போன் வருது... சொல்லுங்கம்மா... இல்லம்மா, இன்னும் குடுக்கல... அப்படியா? சரிம்மா, பாத்து எடுத்து வைக்கேன்... வாங்க, வாங்க. சார், தப்பா நெனைக்காதீங்க. வண்டியை உங்களுக்குக் குடுக்க முடியாது.

— பாத்தீங்களா அண்ணாச்சி? நீங்க சரின்னதும் வெலையை ஏத்தப் பாக்காரு. இன்னொரு பார்ட்டியாம்!

— அந்தம்மாதான் அக்கா, பின் சீட்டுல படுத்துப் பாத்தவங்க. ஆட்டோவுல வந்துக்கிட்டு இருக்காங்களாம். டிரைவர் சீட்டுக்கு அடியில அவங்க கண்ணாடிக் கூடு கிடக்கும், மூடியில பிளாஸ்திரி ஒட்டியிருக்கும், வீட்டுக்காரரு ஒட்டிக் குடுத்தது, தூக்கிப் போட்டுராதீங்க பாய்னு சொல்லுதாங்க.