அப்பா தூக்குன ரெண்டு கை

இல்லக்கா, ஒக்காந்தா இன்னும் பதறுது, அதான் எழுந்து எழுந்து பாக்கறேன். இந்த டிரைவரண்ணன் இன்னா, ஊருக்கு ஊரு பஸ்ஸ நிறுத்தி சாமை மூட்டை ஏத்திக்கினே இருக்காரு? ஜமுனாமரத்தூர்ல மூணு மணிக்குள்ள மனு குடுக்கணும்.

அய்யே, சர்க்கார் வேலைக்கெல்லாம் இல்ல. எங்க சேமிப்புச் சங்கத்து எலெக்‌ஷன். மலையில நாலஞ்சு ஊரு ஜனம் சேந்து காசு கட்டி, எங்களுக்குள்ளயே கடன் குடுத்துக்கறோம். நான் அஞ்சாவது படிக்கறப்பவே சேந்துட்டேன். சின்னப் புள்ளைங்களும் காசு கட்டலாம், ஆனா கூட்டத்துல அவுங்களுக்கும் சேத்து அப்பாதான் கை தூக்குவாரு. ஒரு கை அவுருது, இன்னொரு கை புள்ளைது. எங்க மலையில அப்டியே பழகிப்போச்சு.

எனுக்குப் பதினெட்டு முடிஞ்சு நானே முழு உறுப்பினர் ஆயிட்டேன். சாமை குத்துற மிஷின் வாங்கக் கடனும் கேட்டிருந்தேன். போன கூட்டத்துல இன்னா தீர்மானம் கொண்டாந்தாங்க தெரியுமா? கல்யாணம் ஆவாதவங்களுக்குக் கடன் வேணும்னா அப்பா கையெழுத்து போடணுமாம். வயிறு எரிஞ்சிபோச்சுக்கா எனுக்கு.

போடுவாரு, எங்கப்பா கேட்ட ஒடனே போடுவாரு. அதுவா பிரச்சனை?

வேணும்னு சொல்றவங்க கை தூக்குங்கன்னதும் எங்கப்பா ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. பழக்க தோஷம். அப்புறம் வேணாம்னு நான் தூக்கறேன், செக்ரட்டரி தங்கவேல் மாமா, “ஒங்கை அங்கயே எண்ணியாச்சே, எறக்கு பாப்பா”ன்றாரு. மொத்த ஜனமும் சிரிக்குது. எங்கப்பாவும் சிரிச்சாரு. அதத்தான்கா தாங்க முடியல. தீர்மானம் ஒரே ஓட்டுல ஜெயிச்சிச்சு. யாரு ஓட்டு? என் ஓட்டு!

அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், தலைவர் பதவிக்கே நிக்கறதுன்னு. ஈஸ்வரியும் கலையரசனும் மனுவுல கையெழுத்து போட்டாங்க, ரெண்டு பேரும் என் வயசுதான். இத்தினி வருசமா போட்டியே கெடையாது, ஒரே ஆளு. பயமா? பின்ன இல்லாமயா?

அப்பாடா, வண்டிய எடுத்துட்டாரு.

இன்னா கேட்டீங்க? இப்ப தலைவரா இருக்கறவரா? எங்கப்பாதான்.

இல்லக்கா, அவருக்குத் தெரியாது. டைலர் கடைக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பஸ் ஏறறப்ப ஜனத்துல முண்டியடிச்சு, ஜன்னல் வழியா துண்டு போட்டு, இந்த சீட்டப் புடிச்சுக் குடுத்ததே அவருதான்.