வெர்னா ஏற்றிய தோட்டாக்கள்

— கோவிச்சுக்காதீங்க வெர்னா. கிளப்புக்குச் செயலாளர்னு இருந்தா இதையெல்லாம் கேட்டுத்தான் ஆகணும்.

— கேளு வெண்டல். சுத்தி வளைக்காம கேளு.

— இது அவங்கவங்களே வெடிமருந்து அடைச்சுக் கையால ஏத்தின தோட்டாவுக்கான போட்டி. ஆயிரம் கெஜத்துல உங்க வீட்டுக்காரர் ஆரின் முதல், நீங்க ரெண்டாவது. நீங்க ரைஃபிளைத் தொட்டே ரெண்டு வருஷந்தான் ஆகுது. உங்க தோட்டாவையும் அவர்தான் ஏத்திக் கொடுத்திருக்கணும்னு ரெண்டு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க.

— போன வாரம் என் வீட்டுல உக்காந்து பீச் பை தின்னுட்டுப் போனவங்கதானே? தெரியும்.

— பேரை நான் சொல்ல மாட்டேன். ஏ ஆரின், நீயாவது வாயைத் திற.

— கேள்வி அவகிட்டதானே? அவளே சொல்லட்டும்.

— பாரு, கட்டினவன் நிக்கிற லட்சணத்தை. சரி வெண்டல், என்ன தெரியணும்?

— எவ்வளவு மருந்து போட்டீங்க?

— அந்த நம்பரைக் கிளிப்பிள்ளைகூடச் சொல்லும். ஏன் அவ்வளவு போட்டேன்னு கேளு.

— சரி, ஏன்?

— தோட்டாவோட வெத்துக் கூடு ஒவ்வொண்ணுலயும் தண்ணி ஊத்தி எடை பாத்தேன். உள்ள எவ்வளவு இடம்னு தெரியணும்ல? இந்த வருஷம் வாங்கின கூட்டுல பித்தளை தடிமன், இடம் கம்மி. அதையும் குண்டோட எடை, ரைஃபிள் குழலோட நீளம் எல்லாத்தையும் சாஃப்ட்வேர்ல போட்டேன். வழக்கமா ஆரின் போடுற அளவைப் போட்டா, அழுத்தம் எல்லையைத் தாண்டும்னு சிவப்பா காட்டுச்சு.

— லேப்டாப் சொன்னதை அப்படியே நம்பிட்டீங்க.

— முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல நானூறு பிள்ளைங்களுக்குச் சமைச்சவ நான். தாளைப் பாத்து உப்பைக் கொட்டுவேனா? கையேட்டுல இருந்த குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு, துளித்துளியா ஏத்தி, ஒவ்வொரு தடவையும் வேகத்தை அளந்தேன். கணக்கு ஒண்ணு சொல்லுது, கருவி வேற காட்டுது. மருந்து எரியுற வேகத்தைத் திருத்தி மறுபடி போட்டேன். ரெண்டும் ஒத்துப்போக மூணு மாசம் ஆச்சு.

— சரிதான். ஆனா மருந்தைக் குறைச்சு வேகத்தைக் குறைச்சா காத்து குண்டை இன்னும் தள்ளுமே?

— தள்ளட்டும். எல்லாக் குண்டையும் ஒரே மாதிரி தள்ளுனா அதுக்கேத்த மாதிரி குறி வைக்கலாம். ஒண்ணு வேகமா, ஒண்ணு மெதுவாப் போனாத்தான் வம்பு. அதோட வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும். இன்னிக்கு மத்தியானம் தொண்ணூத்தஞ்சு டிகிரி ஃபாரன்ஹீட். அதுக்கும் இடம் விட்டுத்தான் ஏத்தினேன்.

— போதும் வெர்னா. நம்ம கிளப்புல பாதிப் பேருக்கு இது தெரியாது. எனக்கே தெரியாது. புகாரைத் தள்ளுபடி பண்ணிட்டேன். ரெண்டாவது இடம் உங்களோடதுதான்.

— அப்போ சரி. வா ஆரின், போலாம். நல்லா நின்னே போ, ஒரு வார்த்தை பேசாம.

— இந்தக் கூடாரத்துல இருக்கிற எல்லாரும் உன் வாயால கேக்கணும்னுதான் பேசல. இப்போ பேசுறேன். வெண்டல், பேனாவை மூடாதே. இருபத்தேழு வருஷமா நான் போடுற அளவுதான் எனக்கு பைபிள். குறைச்சுக்கோன்னு இவ படிச்சுப் படிச்சு சொன்னா. கேக்கல. மத்தியானம் சோதனைக்குச் சுட்ட ரெண்டாவது தோட்டாவுலயே அழுத்தம் தாங்காம ரைஃபிளோட போல்ட் இறுகிப் போச்சு. கையால தூக்க முடியல.

— ஐயோ, எங்கிட்ட சொல்லவேயில்லையே. கண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தா? அப்புறம் எதை வச்சுச் சுட்ட?

— நீ இலக்குப் பலகைப் பக்கம் போயிருந்தப்ப உன் பெட்டியில மிச்சம் இருந்த இருபதை எடுத்தேன். ரெண்டு பேர் ரைஃபிளும் ஒரே மாதிரிதானே. வெண்டல், என் பேரை அடிச்சுட்டு இவ பேரை மேல எழுது. இன்னிக்கு இங்க முதல்ல வந்ததும் ரெண்டாவதா வந்ததும் இவ ஏத்தின தோட்டாதான்.