பேசாத பையனுக்கு டிக்கெட்

நேற்று மயிலாப்பூர் டிராமில் என் முன்பலகையில் ஒரு டீச்சரம்மாவும், மீன் விற்கும் ஒரு தாயும், அவளுடைய சிறு மகனும் இருந்தார்கள். பையனின் அப்பா உடன் வரவில்லை, கடலுக்குப் போயிருந்தார்.

“உங்க பையனை நான் ஒரு கேள்வியும் கேட்கிறதில்லை” என்றார் டீச்சரம்மா. பிரம்படியில் எழுத்துக் கற்ற நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நல்லா கீது! வூட்ல வாய் ஓயாது, உங்க வகுப்புல மூணு மாசமா ஊமையா கீறான். நாளைக்கே பிரம்பு வாத்தியார்கிட்ட சேத்துடுன்னு அவுங்கப்பா சொல்லிக்கினு கீறாரு.”

“பிரம்பைப் பார்த்தா பயம்தாம்மா பேசும். அவனுக்காத் தோணினா சொல்லுவான். குழந்தை முன்னால நடக்கணும், நாம பின்னால போகணும்.”

“எம்மா நாளு பின்னாலயே போறது?”

கண்டக்டர் வந்தார். “பையனுக்கு என்ன வயசு?”

“மூணுதாம்பா. டிக்கெட் வாணாம்.”

பையன் பலகைமேல் ஏறி நின்றான். “மூணு இல்ல, அஞ்சு! பள்ளிக்கூடத்துல நான்தான் மணி அடிக்கிறேன். மூணு வயசுக்கு எட்டுமா?”

டிராமே சிரித்தது. டீச்சரம்மா கை தட்டினார். “காசு நான் தரேம்மா.”

“வாணாம். எம்புள்ள உங்க முன்னால வாய் தொறந்ததுக்கு நானே குடுக்கறேன். அவுங்கப்பாவை நான் பாத்துக்கறேன், இவன் உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று தாய் சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

அரை டிக்கெட்டுக்கு அரையணா ஆயிற்று.